எட்டடித் தட்டும் மேட்டூர் நீர்மட்டமும்

மஸ்கட் நகரின் ரூவிப் பகுதியில் ஏதேனும் ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தால், எந்த வீட்டில் எந்த மொழி பேசப்படுகிறது என்பதைக் கதவைத் தட்டாமலேயே ஓரளவு சொல்லிவிடலாம். நாம் டிஷ் என்று சொல்லும் அலைவாங்கித் தட்டுகள்தாம் சாட்சி. அரபு அலைவரிசைகளைத் தரும் அரப்சாட், நைல்சாட் செயற்கைக்கோள்கள் ஆப்பிரிக்கப் பக்கத்து வானில் நிற்பவை. ஆகவே அரபு வீட்டுத் தட்டு மேற்கையோ தென்மேற்கையோ பார்த்திருக்கும். நம்மவர் வீட்டுத் தட்டு தென்கிழக்கைப் பார்த்திருக்கும். ஒரே மாடியில் இரண்டும் முதுகு காட்டி நிற்கும்போது, ஊடல் கொண்ட இருவரைப் போலத் தோன்றும்.

2008 முதல் 2012 வரை அந்த மாடிகளுக்கிடையே வாழ்ந்தேன். அவற்றுள் ஒரு தட்டு எங்களுடையது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை எண்ணியதுண்டு. எழுதாமல் தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

என் மனைவி அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்று, ஊரில் ஒரு கல்லூரியில் மணிக்கணக்கில் ஊதியம் வாங்கிக்கொண்டிருந்த நான், அவளுடைய குடும்ப விசாவில் ஒட்டிக்கொண்டு போனவன். இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களைச் சுமந்து சென்றேன். வெள்ளிக்கிழமைகளில் நம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஐந்திணை நடத்தும்போது ஒரு சிறுமி, "சார், வயல்னா கார்டன் மாதிரியா?" என்று கேட்டாள். சன்னலுக்கு வெளியே மொட்டைப் பாறைமலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பாலையைக் காட்டுவதற்கு விரல் நீட்டினால் போதும். மருதத்தைக் காட்டத்தான் வழியில்லை.

தொலைக்காட்சி வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் என் கொள்கை. மனைவிக்கு அதை எதிர்க்க நேரம் இருந்ததில்லை. தாய்மொழியோடு உறவு அறாமல் இருக்கப் புத்தக அலமாரி போதும் என்று உறுதியாக நம்பினேன். தொடர்களின் அழுகையும் பட்டிமன்றச் சிரிப்பும் இல்லாத தமிழே தூய தமிழ் என்றொரு செருக்கும் இருந்தது.

2010 ஐப்பசியில் அப்பா காலமானார். திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் நடுவே, குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அப்பா இருந்தவரை அவரே உழுது பயிரிட்டார். தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லி 2011 சனவரி இறுதியில் அம்மாவை மஸ்கட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா மறுப்பேதும் சொல்லவில்லை. ஒரு துணிப்பையில் நான்கு புடவைகளும், அப்பா கட்டியிருந்த கைக்கடிகாரமும், உரக்கடை ஒன்று கொடுத்த மாதக் காலண்டரும் கொண்டுவந்தார். கடிகாரத்தை ஓமன் நேரத்துக்கு மாற்றவா என்று கேட்டேன். "அது அப்படியே இருக்கட்டும் தம்பி" என்றார். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் அதற்கும் ஒன்றரை மணி நேர வேறுபாடு. அம்மா எழுந்ததும் உண்டதும் உறங்கியதும் அந்தக் கைக்கடிகாரத்தின் கணக்குப்படிதான்.

வந்த சில நாள்களிலேயே பேச்சு குறைந்தது. கேட்டால் பதில் வரும், தானாக ஒரு சொல் வராது. ஊர்க்கதை எதையாவது வாசித்துக் காட்டலாம் என்று மாலைதோறும் முயன்றேன். அம்மா மரியாதையாக உட்கார்ந்து கேட்பார். இரண்டாம் பக்கத்தில் தலை சாயும். ஒருநாள் பணி முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "அத்தைக்கு வேண்டியது பொஸ்தகம் இல்லீங்க, சத்தம். நாலு பேரு நம்ம பேச்சைப் பேசுற சத்தம்."

பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ரூவியில் கடை வைத்திருந்த ஒரு திருச்சூர்க்காரரை அழைத்து வந்தேன். வாத்தியார் என்று தெரிந்ததும் என்னை "மாஷே" என்று விளிக்கத் தொடங்கிவிட்டார். ஊரிலிருந்து டிடிஹெச் பெட்டி வாங்கி வந்து வைத்துக்கொள்பவர்கள் அங்கே உண்டு. ஆனால் அவற்றின் அலைகள் இந்திய நிலப்பரப்பை நோக்கிக் குவிக்கப்பட்டவை. கடல் தாண்டினால் மெலிந்துவிடும். அந்த இணைப்பை வெளிநாட்டில் வைத்துப் பார்ப்பது முறையானதும் அன்று. "கட்டணம் இல்லாத சானல் போதும்னா சி-பேண்ட் வைக்கலாம் மாஷே. எட்டடி டிஷ் வேணும், அவ்வளவுதான்" என்றார்.

மாடியில் ஓர் இரும்புக் கம்பம் ஏற்கெனவே நின்றிருந்தது. 2010 சூனில் ஓமனைத் தாக்கிய ஃபெட் புயல், அதிலிருந்த பழைய தட்டைப் பிய்த்துக்கொண்டு போயிருந்ததாகக் காவலாளி சொன்னார். அந்தக் கம்பத்தின் மேல் கம்பிவலைத் தட்டைத் துண்டு துண்டாகப் பூட்டினார்கள். நடுவே மூன்று கால்களில் எல்.என்.பி. என்னும் கருவி. வானிலிருந்து தட்டில் விழும் அலையெல்லாம் அந்தக் கருவியின் வாயில் குவிகிறது. அது அலையின் அதிர்வெண்ணைக் குறைத்துக் கேபிள் வழியே கீழே ரிசீவருக்கு அனுப்புகிறது. செயற்கைக்கோள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில். பூமி சுழலும் வேகத்துக்கு இணையாக அதுவும் சுற்றுவதால், நமக்கு அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது.

பொதிகை அப்போது 93.5 பாகை கிழக்கில் கிடைத்தது. அதே இடத்திலிருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோள், 2010 சூலையில் சூரியத் தகட்டில் ஏற்பட்ட மின்கோளாறால் தன் திறனில் பாதியை இழந்திருந்தது. "அந்த மாசம் எத்தனை மாடி ஏறினேன்னு கணக்கே இல்லா. எல்லாரும் என் டிஷ் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. மேலே கெட்டதுக்கு நான் கீழே என்ன செய்ய?" என்று சிரித்தார் திருச்சூர்க்காரர்.

திசைகாட்டியை வைத்து, வடக்கிலிருந்து வலமாக 120 பாகை எண்ணி, அங்கே தட்டைத் திருப்பினார். பிறகு கோணமானியால் 42 பாகைக்கு நிமிர்த்தினார். அதன்பின் ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி. எட்டடித் தட்டு இரண்டு பாகை பிசகினாலும் படம் போய்விடும் என்றார். கீழே அம்மா எட்டிப் பார்த்து, "எந்தப் பக்கம் வைக்கிறாங்க?" என்று கேட்டார். தென்கிழக்கு என்றேன். "அக்னி மூலையா? அடுப்பு வைக்கிற எடம்" என்றார். அந்த வாரத்தில் அம்மா தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

படம் வந்தது. நான் எதிர்பார்த்தபடி அம்மா மலர்ந்துவிடவில்லை. தொடர்களைப் பார்த்தார், பாட்டுக் கேட்டார், எல்லாம் ஒரே முகத்தோடு. ஆனால் ஒரு மாலை, செய்தியின் இறுதியில், "மேட்டூர் அணையின் நீர்மட்டம்" என்று குரல் தொடங்கியதுதான் தாமதம், சமையலறையில் இருந்தவர் கையில் கரண்டியோடு ஓடிவந்தார். வாசிப்பவர் சொன்ன எண்ணைத் தாமும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு காலண்டரை எடுத்து வந்து, "ஒரு பென்சில் குடு தம்பி" என்றார். அன்றைய தேதிக் கட்டத்துக்குள், மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கோணல் எழுத்தில், அந்த எண்ணை எழுதினார்.

அப்பாவின் வழக்கம் அது. திருச்சி வானொலியின் செய்தியைக் கேட்டுவிட்டு, பத்தாயத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் நீர்மட்டத்தைக் குறித்துவைப்பார். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கமாக சூன் 12 அன்று திறந்து சனவரி 28 அன்று மூடுவார்கள். டெல்டாவில் நாற்று விடும் நாளும், பெண்ணுக்கு நகை செய்யும் நாளும், வாங்கிய கடனைத் திருப்பும் நாளும் இந்தக் கணக்கில்தான் தொங்குகின்றன. அணை இருப்பது சேலம் மாவட்டத்தில், எங்களுக்கு ஏறக்குறைய இருநூறு கி.மீ. தொலைவில். அம்மா அதைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும் அதன் நாடித்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர். இது எனக்குத் தெரியாதது அன்று. தெரிந்தும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் இரண்டாம் வாரத்தில், காலை ஒன்பதரை மணி வாக்கில், ஓடிக்கொண்டிருந்த படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மாடிக்கு ஓடினேன். தட்டில் பழுதில்லை. எல்.என்.பி.யின் நிழல் மட்டும் தட்டின் நட்ட நடுவில் பொட்டு வைத்ததுபோல் விழுந்திருந்தது. சில நிமிடங்களில் நிழல் நகர்ந்தது, படமும் திரும்பியது. ஆண்டுக்கு இருமுறை, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும்போது, அதன் இரைச்சலில் அலை மூழ்கிப்போகிறது என்று திருச்சூர்க்காரர் தொலைபேசியில் விளக்கினார். எனக்குப் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்திருந்த அம்மா, கையை நெற்றிக்குக் கொடுத்துச் சூரியனைப் பார்த்து, "அந்தப் பக்கந்தானே நம்ம ஊரு?" என்றார்.

அன்றிரவு ஓர் ஐயம் எழுந்து, கணினியில் கணக்கிட்டுப் பார்த்தேன். மஸ்கட்டிலிருந்து தஞ்சாவூர் நேர்கோட்டில் சுமார் 2,600 கி.மீ. திசை, வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 119 பாகை. எங்கள் தட்டு பார்த்துக்கொண்டிருந்ததும் 120. விண்ணை நோக்கி நிமிர்ந்திருந்தாலும் அதன் முகம் ஊர்ப்பக்கமே இருந்தது. இது தற்செயல் என்பதை அறிவேன். அம்மாவிடம் சொன்னேன். "அதான் நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

இனி, எழுதத் தயங்கிய பகுதி.

நிலத்தை விற்றுவிடலாம் என்று நானும் தங்கையும் சித்தப்பாவும் பேசி முடித்திருந்தோம். விற்ற பணத்தில் திருச்சியில் ஒரு வீடு வாங்குவதாகத் திட்டம். அம்மா பெயரில் இருந்த நிலம், ஆகவே சித்தப்பாவுக்குப் பவர் எழுதிக்கொடுக்க வேண்டும். பத்திர வாசகம் கூரியரில் வந்துவிட்டது. இந்தியத் தூதரகத்துக்கு அம்மாவை அழைத்துப் போய்க் கையொப்பத்துக்குச் சான்று வாங்க வேண்டியதுதான் பாக்கி. சூன் இரண்டாம் வாரம் போவதாக ஏற்பாடு. அம்மாவிடம் கேட்டபோது, "ஒன் இஷ்டம் தம்பி" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எந்த நிகண்டையும் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் நான் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். அதுதான் வசதியாக இருந்தது.

மே 25 மாலை புழுதிக் காற்று வீசியது. தட்டு திரும்பிவிட்டது. திரையில் நீல நிறமும் 'சமிக்ஞை இல்லை' என்ற அறிவிப்பும் மட்டும். திருச்சூர்க்காரர் விடுமுறையில் ஊர் போயிருந்தார். நானே சரிசெய்திருக்கலாம், இரண்டு மரை கழற்றும் வேலை. செய்யவில்லை. வெயில் என்றேன், பிள்ளைகளுக்குத் தேர்வு என்றேன், அவர் வரட்டும் என்றேன். உண்மை வேறு. கோடைமழையால் அணையில் நீர் நன்றாக இருப்பதாகவும், இவ்வாண்டு முன்கூட்டியே திறக்கக்கூடும் என்றும் சித்தப்பா தொலைபேசியில் சொல்லியிருந்தார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. கையொப்பம் முடியும்வரை செய்தி கேட்காமல் இருந்தால் நல்லது என்று மனத்தின் ஓர் ஓரம் கணக்குப் போட்டது. அதைக் காற்றின் கணக்கில் எழுதிவிட்டேன்.

அம்மா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆனால் நாள்தோறும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, செய்தி நேரத்துக்குச் சரியாக வந்து, அந்த நீலத் திரையின் முன் உட்காருவார். காலண்டரும் பென்சிலும் மடியில் இருக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். ஒரு வெள்ளிக்கிழமை கடந்தது. சூன் 3, அடுத்த வெள்ளி. அன்றும் உட்கார்ந்தார், எழுந்தார். போகும்போது திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு, ஸ்பேனரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மனைவி இரவுப் பணியில். இத்தகைய வேலைக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். தட்டை அசைக்கையில் ரிசீவரின் சமிக்ஞைப் பட்டை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல ஆள் வேண்டும். அம்மாவின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, திரையில் இரண்டு பட்டை தெரியும், கீழ்ப்பட்டை நீண்டால் சொல்லுங்கள் என்று விளக்கிவிட்டு வந்திருந்தேன்.

"இல்ல தம்பி."

கொஞ்சம் திருப்பினேன்.

"இல்ல... அப்படியே இருக்கு."

இரவிலும் தளம் கொதித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. இருபது நிமிடம் அப்படியே போனது. நடுநடுவே அம்மா வேறு பேசத் தொடங்கினார். அப்பா ஒருமுறை வாய்க்கால் மடையில் இரவு முழுவதும் மண்வெட்டியோடு காவல் நின்றதைச் சொன்னார். தண்ணீர் வரும் முதல் நாள், காய்ந்த வாய்க்காலில் சருகும் நுரையும் நத்தை ஓடும் உருட்டிக்கொண்டு அது வரும் சத்தத்தைச் சொன்னார். "பாம்பு மாதிரி மெதுவா மோந்து பாத்துட்டு வரும்" என்றார். நான் இருளில் கம்பத்தைப் பற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வந்த நாலு மாதத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் கீழே, நான் மேலே. ஒரே கட்டடத்துக்குள் தொலைபேசி வழியாக.

"கொஞ்சம் அக்னி மூலைக்குத் தள்ளு" என்றார் திடீரென்று.

தள்ளினேன்.

"வருது... வருது... நிறுத்து! பொம்பளை ஒருத்தி பாடுறா."

மரையை இறுக்கினேன். கீழே வந்தபோது அம்மா திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். தகரம் கிழித்து இரத்தம் வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மஞ்சள் வைத்தார்.

2011 சூன் 6, திங்கட்கிழமை, மேட்டூர் அணை திறக்கப்பட்டது. வழக்கத்துக்கு ஆறு நாள் முன்னதாக. மதகுகளிலிருந்து நீர் வெளிப்படும் காட்சியைச் செய்தியில் காட்டினார்கள். தமிழ்நாட்டில் பேசிய சொல், விண்ணுக்கு 36,000 கி.மீ. ஏறி, மீண்டும் 37,000 கி.மீ.க்கு மேல் இறங்கி, கால் நொடியில் எங்கள் கூடத்துக்கு வந்தது. அம்மா கட்டத்தில் எண்ணை எழுதினார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"நாலஞ்சு நாள்ல கல்லணை தொறப்பாங்க. ஒரு வாரத்துல நம்ம மடைக்கு வந்துரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு டிக்கெட் எடுத்துரு தம்பி. தண்ணி வருதுன்னு தெரிஞ்சும் நெலத்தைத் தரிசாப் போடக் கூடாது" என்றார். அதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. பவர் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அது அலமாரியிலேயே கிடந்தது. மறு வாரம் அம்மா விமானம் ஏறினார்.

அம்மாவை மஸ்கட்டில் இருத்திவைக்கத்தான் அந்தத் தட்டைப் பூட்டினேன். அதுவே அவரை ஊருக்கு அனுப்பியது. ஊரை நம் கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணித்தான் அயல்நாட்டு மாடிகளில் இத்தனை தட்டுகளும் முளைக்கின்றன. எங்கள் தட்டு ஊரைக் கொண்டுவரவில்லை. ஊர் நாமின்றியும் நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் நமக்கான வேலை ஒன்று அங்கே காத்திருக்கிறது என்ற செய்தியை மட்டும் கொண்டுவந்தது.

அடுத்த ஆண்டு நானும் திரும்பினேன். தட்டைக் கழற்றவில்லை, அடுத்துக் குடிவந்த தமிழ்க் குடும்பத்துக்கு விட்டுவிட்டேன். 2012இல் அணை திறந்தது செப்டம்பர் 17 அன்றுதான். அவ்வாண்டு ஆற்றுநீரை நம்பிய குறுவை இல்லை. விற்றிருந்தால் வீடாவது மிஞ்சியிருக்கும் என்று உறவினர் சொன்னதைக் கேட்டும் அம்மா ஒன்றும் பேசவில்லை. நிலம் ஒருபோதும் வாக்குறுதி தந்ததில்லை என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும்.

ஊர் வந்த முதல் நாள், பத்தாயத்துக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் பழைய காலண்டர் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். பிப்ரவரி பாதியிலிருந்து கட்டத்துக்கு ஒன்றாகப் பென்சில் எண்கள். மே 25 முதல் சூன் 3 வரை பத்துக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அம்மா பின்னால் வந்து நின்றார். "படம் வராத நாளுங்க அது" என்றார். சற்றுப் பொறுத்து, "காத்து ரொம்ப அடிச்சுது அப்ப" என்றார்.

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

இப்போது பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். வீட்டில் தொலைக்காட்சி உண்டு. 2024 சனவரியில் பொதிகை, டிடி தமிழ் என்று பெயர் மாறிவிட்டது. அம்மாவுக்கு அது இன்னும் பொதிகைதான். ஆனால் செய்தியில் நீர்மட்டம் வரும் நேரத்தில் அவர் பெரும்பாலும் கூடத்தில் இருப்பதில்லை. ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தேன். கொல்லைப்பக்கம் வாய்க்கால் படியில் உட்கார்ந்திருந்தவர், திரும்பாமலேயே சொன்னார்:

"தண்ணிதான் இங்கயே தெரியுதே தம்பி. அத எதுக்கு இன்னொருத்தர் சொல்லணும்?"